அக்கா அனுப்பிய போத்தல்

ஈஜோக் தோட்டம்,
4.3.1984

அன்புத் தம்பி உமாபதிக்கு,

ரவாங் தொழிற்சாலைக்குப் போனதும் அக்காவை மறந்துவிட்டாய். எனக்கு நான்கு மாதம். முந்தைய இரண்டும் தங்காததால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் போனேன். "ஒடம்புல சத்தே இல்ல, எலும்பு சூப் குடிம்மா" என்றார். புல்லைக் கொல்லும் புல் மருந்து அடிக்கும் வேலையை மாற்றித் தரச் சொல்லுங்கள் என்றேன். "அதுக்கும் இதுக்கும் என்னம்மா" என்று சிரித்தார். நீ படித்தவன். சூப்பில் அவ்வளவு சத்தா?

லீலாவதி

ரவாங்,
11.3.1984

அக்கா,

டிரெசர் சொல்வது சரிதான். நானும் படித்திருக்கிறேன். நெஞ்செலும்பைத் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு போட்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவிடு. ஆறியதும் கூழாக உறைந்தால் நல்ல சூப். வேலைக்காட்டுக்கும் கொண்டு போ. தவறாமல் குடி.

உமாபதி

ஈஜோக் தோட்டம்,
25.3.1984

தம்பி,

தினமும் குடிக்கிறேன். "ஒன்கிட்ட ஆட்டு வாடை அடிக்குது லா" என்று உன் மாமா கேலி செய்கிறார். வலக்கையில் இரண்டு நகம் கழன்றுவிட்டது. சூப் குடித்தால் முளைக்கும்தானே? ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணி இறுக்கமான மூடி போட்ட காலிப் போத்தல்கள் கொடுத்தார், லயத்தில் எல்லோருக்கும். சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவி, அதில்தான் சூப் கொண்டு போகிறேன். லோரி ஓட்டும் செல்லனிடம் உனக்கும் ஒரு போத்தல் கொடுத்தனுப்புகிறேன். இளைத்திருப்பாய்.

லீலாவதி

ரவாங்,
27.3.1984

அக்கா,

சூப்பைக் கீழே ஊற்று. போத்தலைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். போத்தல்மேல் பாதி சுரண்டிய மண்டையோட்டுப் படம். அதன்கீழே, காலிப் போத்தலை மறுபடி பயன்படுத்தாதே, புதைத்துவிடு என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நீ அடிக்கும் அதே புல் மருந்து. நகம் விழுந்தது சத்துக் குறைவால் இல்லை. நானும் சூப் குடி என்றுதானே எழுதினேன். வேலைக்குப் போகாதே. இங்கே தொழிற்சாலை மேனேஜர் லீவு தரமாட்டேன் என்கிறான். செல்லன் இப்போதே திரும்புகிறான், இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுக்கிறேன். ஞாயிறு வருகிறேன்.

உமாபதி

ஈஜோக் தோட்டம்,
30.3.1984

தம்பி,

செல்லன் வந்தபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். இதுவும் தங்கவில்லை. "சூப் ஒழுங்கா குடிச்சிருக்க மாட்ட" என்றார் டிரெசர்.

அந்தப் படத்தைச் சுரண்டியது நான்தான். பிள்ளைத்தாய்ச்சி மண்டையோட்டைப் பார்க்கக் கூடாது என்று.

பக்கத்து வீட்டுக் காளியம்மா எனக்குச் சூப் கொண்டுவந்திருக்கிறாள், அதே மாதிரிப் போத்தலில். அவளுக்கு மூன்று மாதம். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "டிரெசர் அப்படிச் சொல்லலியேக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு வரை காத்திருக்காதே. வேலை போனால் போகட்டும். போத்தலை எடுத்துக்கொண்டு வா, டிரெசர் முன்னால் அந்த எழுத்தை நீ வாசிக்க வேண்டும்.

லீலாவதி