மனைவியிடம் சொன்னது

பாளையங்கோட்டை
2.6.2025

அன்புள்ள கெசியாவுக்கு,

ஸ்தோத்திரம். மாமாவும் அத்தையும் சுகமா? என் போன் இன்னும் போலீஸிடம் இருப்பதால் இந்தக் கடிதம்.

உனக்குச் சம்மன் வந்திருக்கும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக் கார்டு உள்ளவர்களிடம் கைரேகை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். செய்யாத சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டில் பணம் வாங்கியது எனக்குத் தெரியாது. இதுதான் என் தரப்பு. பக்கத்து வீட்டுக் கொம்பையா அண்ணாச்சி இறந்து, துட்டிக்குப் போய்வந்த அன்று உன்னிடம் சொன்னதை நீ சொன்னால் எல்லாம் போயிற்று. புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னதைக் கோர்ட்டில் கேட்கக் கூடாதாம், வக்கீல் சொன்னார். பார்த்ததையும் ஞாபகமில்லை என்று சொல்லிவிடேன். நீ போய் எட்டு மாசமாகிறது. கோபம் இன்னும் ஆறவில்லையா?

எஸ்றா

நாங்குநேரி
6.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். சாட்சிக்குக் கடிதம் எழுதக் கூடாது என்பது உங்கள் ஜாமீன் நிபந்தனை. இதை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் உள்ளே போவீர்கள். கொடுக்கமாட்டேன். இனி எழுதாதீர்கள்.

சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. பார்த்ததைச் சொல்வேன். "அண்ணாச்சி, கண்ணாடி இலவசமாக் குடுக்காவ, பைய விரல வைங்க" என்று நம் சாப்பாட்டு மேஜையில்தான் ரேகை மெஷினை நீட்டினீர்கள். காப்பி கொடுத்தது நான். அவருக்கு நிஜமாகவே நெஞ்சுவலி வந்தபோது, ஏற்கெனவே இருதய சிகிச்சை செய்ததாகக் கார்டில் அந்த வருஷத் தொகை முழுதும் தீர்ந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். துட்டிக்குப் பிறகும் அவர் சம்சாரம் என்னைக் கண்டால் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

கோபம் ஆறவில்லை. உங்கள் வக்கீல் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கெசியா

நாங்குநேரி
19.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

என் சாட்சியம் முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

துட்டியன்று கணவர் என்ன சொன்னார் என்று அரசு வக்கீல் நேற்று கேட்டுப் பார்த்தார். உங்கள் வக்கீல் ஆட்சேபித்தார், நீதிபதியும் கேள்வியை நிறுத்தினார். நான் அத்தோடு இறங்கியிருப்பேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள். வக்கீல் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"அவ சொல்லட்டும் அய்யா. எனக்குச் சம்மதம்."

யோசித்துச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. திரும்பவும் அதையே சொன்னீர்கள். பிறகுதான் அன்று நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன்: "கார்டுல ஒண்ணும் மிஞ்சாதுன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன் கெசியா." உங்களைப் பார்க்காமலே சொன்னேன். பார்த்திருந்தால் வாய் வந்திருக்காது.

வீட்டுக்கு வருவாயா என்று மட்டும் கேட்காதீர்கள், வர மனசில்லை. எந்த ஜெயிலில் போட்டாலும் மாசம் ஒருதரம் மனுப் போட்டுப் பார்க்க வருவேன். என்ன உறவு என்று கேட்டால் மனைவி என்றே எழுதிக் கொடுப்பேன்.

கெசியா