கசிந்தது ரப்பர் வளையத்தில்தான்

என்னங்க,

நம் கேரவன் வீட்டுக்குள் வந்ததும் கழிவறையில் காலை வைத்துவிடாதீர்கள். கோப்பையைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறேன். தரையிலுள்ள ஓட்டையைப் பழைய துணியால் அடைத்திருக்கிறேன்.

கோப்பைக்கு அடியிலிருக்கும் ரப்பர் வளையம் பிளந்து கிடந்தது. ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் அதன் வழியாகத்தான் கசிந்திருக்கிறது. தரை நனைந்தது மாமாவால் இல்லை, அவர் சிந்தவே இல்லை. "இந்த வயசுல ஒழுங்கா போகக்கூடத் தெரியாதா?" என்று பெற்ற அப்பாவைக் கேட்டீர்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு உங்கள் தங்கை வீட்டுக்குப் போனார். நானும் உங்களைத் தடுக்கவில்லை.

புது வளையம் மேசையில் இருக்கிறது. போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் கோப்பை விரிசல் விடும். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. நான் வேலை முடிந்து, மாமாவை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இதுவரை எழுதி முடித்தபிறகு மாமாவுக்குப் போன் செய்து, கசிந்தது வளையத்தில்தான் என்று சொன்னேன். "இத அவன் சொல்லச் சொன்னானா, நீயா சொல்றியாம்மா?" என்றார். நானாகத்தான் என்றேன்.

"அப்ப அவன் கூப்பிடட்டும், வரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வளையத்தை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். முதலில் போனை எடுங்கள்.