மூடி திறந்திருந்தால் ஓடாது

09.08.2005

இன்றும் அந்தக் காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கியதை, எங்கள் கடையில் பெயர் பொறிக்கும் லேசர் மெஷின் மூடியின் சுவிட்சில் ஒட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் தமிழ்வாணன் பெரிய விஞ்ஞானி மாதிரி நிற்கிறார். மூடியைத் தூக்கினால் கதிர் தானாக நிற்க வேண்டும், அதற்குத்தான் சுவிட்ச். காந்தம் இருந்தால் மூடி திறந்திருப்பது மெஷினுக்கே தெரியாது.

"காலேஜ் பசங்க, ஷீல்டுல பேரு விழறத கண்ணால பாக்கணும்ன்றாங்க சங்கரி. மூடி வழியா ஒண்ணும் தெரியல. நான் இன்னா பண்றது?"

பேர் விழுவது தெரியும். கதிர் தெரியாது. தெரியாத அது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று மெஷின் மாட்ட வந்தவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இவர் அப்போது நன்றாகத் தலையாட்டினார்.

பிடுங்கிவிட்டேன்.

11.08.2005

மறுபடியும் ஒட்டியிருக்கிறது. அரிசி டப்பாவுக்குள் போட்டேன். தேடட்டும்.

20.08.2005

மூத்தார் கோதண்டராமன் வந்தார். மெஷின் அவர் வாங்கிப் போட்டது. ஓட்டுவது நான்.

"உனுக்கு பயமா கீதுன்னா சொல்லும்மா. கூடுவாஞ்சேரில ஒரு ஆளு கீறான், கூட்டியாறேன்."

பயமாம். பயந்தவள் தினமும் அதன் முன்னால் போய் நிற்பாளா? கல்யாணமான பிறகு நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரே வேலை இது. இதை விட மாட்டேன். இதற்காகக் கண்ணையும் விட மாட்டேன்.

11.10.2005

ஆயுத பூஜை. கடை ஷட்டர், கத்தரிக்கோல், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மூத்தார் சும்மா இருப்பாரா? மூடியைத் தூக்கி, உள்ளே கதிரைத் திருப்பிவிடும் மூன்று கண்ணாடிகளுக்கும் பொட்டு வைத்துவிட்டார்.

"உள்ள வேணாம் மாமா. கதிர் அதுலதான் பட்டுத் திரும்புது."

"சாமிக்கு வெக்கிறதுல உள்ள இன்னா, வெளிய இன்னா? மூணு கண்ணும்மா. அம்மன் மாதிரி கீது பாரு."

பூஜையில் வைத்ததை இன்று துடைத்தால் குடும்பமே என்னைத் துடைத்துவிடும். நாளை மதுராந்தகத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வந்து துடைக்கும்வரை ஓட்டாதீர்கள் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

13.10.2005

சொல்லிட்டுத்தானே போனேன்? துடைக்காம ஓட்டாதன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?

நான் ஊரில் இல்லாதபோது, கல்லூரி விழாவுக்கு ஷீல்டு அவசரம் என்று பையன்கள் வந்திருக்கிறார்கள். சந்தனம் அப்பிய கண்ணாடியில் கதிருக்குத் தெம்பில்லை, எழுத்து விழவில்லை. இவர் பவரைக் கூட்டி, வேகத்தைக் குறைத்திருக்கிறார். அரிசிக்குள் கைவிட்டுக் காந்தத்தையும் எடுத்திருக்கிறார். மூடி திறந்து கிடக்க, எல்லோரும் சுற்றி நிற்க, ஷீல்டின் அக்ரிலிக் தகடு பற்றிக்கொண்டது. பதறிப் போய்க் கையை விட்டுத் தகட்டை இழுத்தார். மூடி திறந்த உடனே செத்திருக்க வேண்டிய கதிர் சாகவில்லை. புறங்கையில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக.

கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். பையன்களுக்கும் ஒன்றும் இல்லை. கோபத்தில் அழுகிறேன் என்று இவரிடம் சொன்னேன். பயத்திலும்தான். அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

14.10.2005

"கண்ணு பட்டுடுச்சி. பூசணிக்கா ஒடைச்சா செரியாப் பூடும்" என்றார் மூத்தார். கடை வாசலில் உடைத்தார். நான் உள்ளே கண்ணாடிகளைத் துடைத்தேன். ஒன்றில் பொட்டு வைத்த இடம் கருகியிருந்தது. மாற்றினேன். காந்தத்தை ஏரியில் எறிந்துவிட்டு வந்தேன்.

சாவி போட்டால்தான் மெஷின் உயிர் பெறும். அந்தச் சாவியை என் தாலிக்கொடியில் ஊக்குகளோடு கோர்த்துக்கொண்டேன்.

"இனி மூடி மூடாம இது ஓடாது மாமா."

"கடை உன்னுதா? நாளிக்கே ஆளக் கூட்டியாறேன்."

"கூட்டியாங்க. சாவி இங்க கீது. வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

மூத்தார் தாலிக்கொடியைப் பார்த்தார், சட்டென்று கூரையைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

17.10.2005

மெஷின் ஓடவில்லை. சும்மா இருக்க முடியாமல் மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஒரு வருடப் புகை. இப்போது உள்ளே ஊசி கிடந்தாலும் தெரிகிறது. இத்தனை நாள் இதைத் துடைக்கச் சோம்பல்பட்டுத்தான் திறந்து வைத்துக் காட்டிக்கொண்டிருந்தோமா?

19.10.2005

நாளைக்கே என்ற மூத்தார் இன்றுதான் ஆளோடு வந்தார். போச்சுடா, இத்தோடு சரி, மதுராந்தகம் பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன். இவர் எழுந்து கட்டுப்போட்ட கையை மெஷின் மேல் வைத்தார்.

"சாவி அவகிட்டயே இருக்கட்டும் அண்ணாத்த. சுட்டது என் கை. நான் சொல்றேன்."

வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனார். நானே போட்டுக் கொடுத்தேன், இஞ்சி தட்டி.

12.01.2006

மூடி மேல் நானே மெஷினில் எழுத்து அடித்த பலகையை ஒட்டினேன்: "மூடி திறந்திருந்தால் ஓடாது." பையன்கள் மூடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். தினமும் மூக்குத் தடம் துடைக்கிறேன்.

01.10.2006

ஆயுத பூஜை. சாவி இப்போதும் என் ஊக்கில்தான். மூத்தார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஷட்டர், கத்தரிக்கோல், கால்குலேட்டர் எல்லாம் முடித்து மெஷின் பக்கம் வந்தவர் விரலில் சந்தனத்தோடு நின்றுவிட்டார்.

"எங்க வெக்கட்டும்மா?"

மூடியைக் காட்டினேன். அது சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, பொட்டு வைத்தார்.