கரடியின் நெஞ்சுப் பிறை

அன்புள்ள வெண்பா அப்பாவுக்கு,

போர்னியோவில் மழை விட்டதா? இங்கே நம் ஊர் பிஸ்கட்டவேயில் நல்ல வெயில். நீங்கள் ஆராய்ச்சி செய்யப் போன சூரியக் கரடிகளைப் பற்றித்தான் வெண்பா பள்ளிக்குக் கட்டுரை எழுதுகிறாள். கரடிகளிலேயே சிறியது, மரத்தில் கிளை ஒடித்துப் பரண் கட்டித் தூங்கும், நீண்ட நாக்கால் தேனடையைத் துழாவும், எல்லாம் நீங்கள் சொன்னவை.

ஒன்றின் நெஞ்சிலிருக்கும் மஞ்சள் பிறைபோல் இன்னொன்றுக்கு இருக்காது, அதை வைத்துத்தான் அப்பா அடையாளம் காண்பார் என்றும் எழுதினாள். ஞாயிறன்று டெக்சாஸிலுள்ள ஒரு மிருகக்காட்சிசாலையின் வீடியோவைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா, லுக்! ஸேம் மார்க்!"

பிறையின் இடது முனை உடைந்திருந்தது, நடுவில் மூன்று கரும்புள்ளிகள். போன வாரம் "காலைல காட்டுல எடுத்தேன்" என்று நீங்கள் அனுப்பிய படத்திலும் அப்படியே.

"இஸ் அப்பா லையிங்?" என்றாள். எல்லாக் கரடியும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

அதே டெக்சாஸில், காப்பெலில் இருக்கும் உங்கள் தம்பிக்கு போன் செய்து, குழந்தைகள் நலமா என்று மட்டும் கேட்டேன்.

"அண்ணன் காட்டுலதானே இருக்காரு அண்ணி, அங்க சிக்னல் இருக்காது" என்றார்.

நான் உங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வேலை போயிருந்தால் பரவாயில்லை. அது மட்டும்தான் என்றால் பரவாயில்லை.

இதைப் போர்னியோ முகவரிக்கு அனுப்பவில்லை. உங்கள் பெயரை எழுதித் தம்பி வீட்டுக்கு அனுப்புகிறேன். இது உங்கள் கைக்குக் கிடைத்துவிட்டால் பதில் எழுத வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் மனைவி