வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா

காலையில் உன் போன் இன்றைக்கும் அடித்தது. தைராய்டு மாத்திரைக்காக நீ வைத்த அலாரம். எழுந்து போய் நிறுத்திவிட்டு, வழக்கம்போல ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு மேசைமேல் வைத்தேன். மாத்திரை போட ஆள் இல்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே குடித்தேன். அந்த அலாரத்தை எடுத்துவிடும்படி மகள் வரும்போதெல்லாம் சொல்கிறாள். எடுக்கத் தெரியாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். தெரியும்.

நீ போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கல் மனசு என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மரத்துப்போவது எப்படியிருக்கும் என்பதை உன்னிடம்தான் முதலில் பார்த்தேன். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உன் கழுத்துக் கட்டியைக் கண்டுபிடித்தது நீயும் இல்லை, நானும் இல்லை. இந்தச் செவிலிமேட்டு வீட்டு ஹாலில் வட்ட விளக்கைப் போட்டுக்கொண்டு, உன் தம்பி கடைப் புடவைகளைப் போனில் நேரலையாகக் காட்டி விற்றுக்கொண்டிருந்தாய். முந்தானையைப் பற்றி நீ மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு வாடிக்கைக்காரி கீழே எழுதினாள்: அக்கா, புடவை சூப்பர், கழுத்துல என்ன வீக்கம்?

கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சந்தேகமாக இருக்கிறது, தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவதே நல்லது என்றார் டாக்டரம்மா. நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். குரல் போய்விடுமா?

திருப்பருத்திக்குன்றத்தில் உன் பெரியம்மாவுக்கு அந்தக் காலத்தில் இதே ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு. அதன் பிறகு காற்று மட்டும்தான் வந்ததே தவிர குரல் வரவில்லை. பிள்ளைகளைக் கை தட்டித்தான் கூப்பிடுவார்களாம். அந்தத் தட்டலைக் கேட்டு வளர்ந்தவள் நீ. கட்டியைவிட அதுதான் உனக்குப் பயம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இப்போது கீழுதட்டின் உள்பக்கமாகக் கேமராவை விட்டுச் செய்கிறோம், உங்கள் கட்டிக்கு அது சரிப்படும், கழுத்தில் தழும்பே இருக்காது என்றார். கால்சியத்தைக் கவனித்துக்கொள்ளும் சின்னச் சின்னச் சுரப்பிகள் பக்கத்திலேயே கொழுப்போடு கொழுப்பாகக் கிடக்கும், தெரியாமல் எடுத்துவிடாமல் இருக்க ஒரு தனி ஒளியில் பார்ப்போம், அதில் அவை மட்டும் பளிச்சென்று தெரியும் என்றார். ஜரிகை மாதிரியா என்று கேட்டாய். குரல் நரம்பு நூல் கனம்தான் இருக்கும் என்றார். ஒத்தை இழையா ரெட்டை இழையா என்று கேட்டாய். அவர் சிரித்தேவிட்டார்.

அந்த நரம்புக்கும் ஒரு மிஷின் இருந்தது. தொண்டைக்குள் போகும் குழாயிலேயே சென்சார் வைத்திருப்பார்கள். நரம்பைத் தொட்டால் மிஷின் சத்தம் கொடுக்கும்.

"சத்தம் குடுத்தா நல்லதா டாக்டர், குடுக்காம இருந்தா நல்லதா?"

"குடுக்கணும்மா. சத்தம் வந்தா நரம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுக்காக நூத்துக்கு நூறு நான் சொல்லிட முடியாது."

நீ என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினீங்களா, சத்தம் போடறது நல்லதாம்" என்றாய். உன் நேரலைச் சத்தத்தில் செய்தி கேட்க முடியவில்லை என்று தினமும் முணுமுணுத்தவன் நான்தானே.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை நர்ஸ் வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். பொழுது சாய்ந்தால் எங்கள் ஜைன வீடுகளில் தினமுமே அப்படித்தான் என்று அவளுக்குப் பாடம் எடுத்தாய். மறுநாள் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதும் அவளோடு பேசிக்கொண்டேதான் போனாய். கதவு மூடியதும் அந்தப் பேச்சு நின்றது.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். கடைசியாகத் தொட்டுப் பார்த்தபோதும் மிஷின் நன்றாகச் சத்தம் கொடுத்தது, இரண்டு பக்கமும் நரம்பு பத்திரம் என்றார். எனக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது. உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, உள்ளேயிருந்து அந்த நர்ஸ் வேகமாக வந்தாள்.

"சார், முழிச்சிட்டாங்க. ஆனா பேச்சு வரல. கேட்டா தலைய ஆட்டுறாங்க."

டாக்டரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் பின்னாலேயே நானும் போனேன், யாரும் தடுக்கவில்லை. உன் பெரியம்மாவின் கை தட்டல் மட்டும்தான் என் காதில் இருந்தது, நான் அதை ஒரு நாளும் கேட்டதில்லை என்றாலும். தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டு, உதடு வீங்கிப் படுத்திருந்தாய். நர்ஸ் குனிந்து மறுபடியும் கேட்டாள்: "வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா." நீ உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாய். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது என்னைப் பார்த்தாய்.

"இன்னாங்க, உங்க பேரை இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அப்போலருந்து கேட்டுக்கினே இருக்குது."

கொஞ்சம் கம்மல், ஆனால் உன் குரலேதான். டாக்டரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலியாணமான நாளிலிருந்து உன் வாயில் வராத என் பெயர், மயக்கம் தெளிந்த வாயிலுமா வரும்? வேறு ஏதாவது கேட்டிருக்கலாமே என்று நர்ஸைக் கடிந்துகொண்டதும் நீதான்.

குரல் பிழைத்தது. மரத்துப்போனது தாடை. அந்த வழியாகச் செய்தால் சிலருக்கு அப்படி இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சாப்பிடும்போது சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது உனக்குத் தெரியாது. நான் என் தாடையைத் தொட்டுக் காட்டுவேன், நீ உன்னுடையதைத் துடைத்துக்கொள்வாய். விருந்தாளிகள் நாம் ஏதோ ஜாடை பேசுகிறோம் என்று நினைத்தார்கள். "இந்தாம்மா, வலிக்குதா?" என்று கேட்டால், "வலிச்சாத்தான் தேவலையே. என் மூஞ்சி மாதிரியே இல்ல" என்பாய். குத்தவும் ஊரவும் ஆரம்பித்தால் நல்லது, உணர்வு திரும்புகிறது என்று அர்த்தம் என்றார் டாக்டரம்மா. ஒரு நாள் காலை குளியலறையிலிருந்தே, "இன்னாங்க, குத்துதுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாய். அன்றைக்கு நேரலையில் வெறுங்கழுத்தோடு நின்று, எங்கே ஆபரேஷன் செய்தார்கள் கண்டுபிடியுங்கள் என்று எல்லோரையும் வம்புக்கு இழுத்தாய்.

பிறகு ஒரு மதியம் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஆபரேஷனால்தானோ என்று இன்னமும் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கழுத்து நன்றாகத்தான் இருந்தது. கடைசிவரை குரலும் இருந்தது.

இன்றைக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "இன்னாங்க" என்று ஒரு குரல். "தோ வந்துட்டேன்" என்று அடுப்பைக் குறைத்துவிட்டு, கையில் கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றேன். மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண். வண்டியைக் கிளப்பிய புருஷன் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டானாம். அவன் மேலே ஓடிப்போய் வாங்கிக்கொண்டு போனான்.

நான் ஹாலிலேயே நின்றேன். பாங்கில், மருந்துக் கடையில், மகள் வீட்டில், எங்கே போனாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் கூப்பிட இனி யாரும் இல்லை. உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழியும் வாசனை வந்தது. போய் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் கால் வரவில்லை. என் தாடை நனைந்திருந்தது. துடைக்கச் சொல்லித் தொட்டுக் காட்ட எதிரில் நீ இல்லை.

இந்தாம்மா, குத்துது.