நைனா நிறுத்தச் சொன்ன மர்மக்கதை

ஐப்பசி, செவ்வாய் இரவு

நைனாவுக்குப் பார்வை மங்கியதிலிருந்து அப்பாவும் மகளுமாக இருவரும் தினமும் சாயங்காலம் போனில் ஒலிப்புத்தகம் கேட்கிறோம். அவருக்கு மர்மக்கதைதான் வேண்டும். கொலைகாரனைப் பாதியிலேயே பிடித்துவிடுவார். "பொய் சொல்றவன் கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்றான் பாரு" என்பார். எனக்குப் பிடித்தது மாயாஜாலக் கதை. அதைப் போட்டால் சிரிப்பார். "பறக்குற குதிரைக்கு லாடம் எதுக்கு?"

இன்று விழுப்புரத்தில் கண் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நைனா கேட்டார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல நைனா. சொட்டு மருந்து மாத்திட்டாரு. நல்ல டாக்டரு. பொங்கலுக்குள்ள சரியாய்டுமாம். ஒங்க வயசுல எல்லாருக்கும் வர்றதுதானாம்."

கேட்டதற்கு மேல் பேசிவிட்டேன். அவர் என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மர்மக்கதையின் கடைசி அத்தியாயத்தைப் போட்டேன்.

"அத நிறுத்தும்மா. ஒன் குதிர கதையப் போடு."

போட்டேன். கண்ணிழந்த ராஜாவுக்குப் பார்வை வருகிற இடம் வந்தது. நைனா சிரிக்கவில்லை.

"அந்த எடத்த இன்னொரு தபா போடு" என்றார்.