எலும்போடு சேராத இரும்பு

என் ஆசை ஐயாவுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: வேலியில் காய்ந்துகொண்டிருந்த நீங்கள் உடுத்த நீலக்கட்டச் சாரம் நேற்றுக் காலை நம் வீட்டு ஆட்டின் வயிற்றில் அமரத்துவம் அடைந்தது. ஆடு நலம். மிச்சத் துண்டை அம்மா மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அம்மா இப்போது அதிகம் கதைப்பதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கதைக்கிறேன்.

லொறியால் விழுந்து இடுப்பு உடைந்து, யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போய், உள்ளே இரும்பு மூட்டு வைத்துக்கொண்டு வந்தீர்களே, அன்றைக்கு நான் காந்தத்தோடு காத்திருந்தேன். சாரத்துக்கு மேலே வைத்துப் பார்த்தேன். "உது ஒட்டாது மேனை, சீமைச் சாமான்" என்று பெருமையாகச் சிரித்தீர்கள்.

அந்தக் காலோடு நல்லூர்த் தேருக்கு நடந்தே போனோம். பிறகுதான் தொடைக்குள் நோவு. எழும்பும்போது 'டக்' என்றொரு சத்தம். தழும்பு திறந்து சீழ் வடிந்தது, காய்ச்சல் விடவில்லை. மூட்டு கழன்று ஆடுகிறது, கிருமியும் பிடித்துவிட்டது, எடுக்கவேண்டும் என்றார் டொக்டர். "எடுத்தால் நொண்டிதான். இந்தமுறைத் தேரும் முடியட்டும்" என்றீர்கள். தேர் முடிந்தது. ஏன் ஐயா பொறுத்தீர்கள்?

உங்களை எரித்த சுடலைக்கு, எலும்பு பொறுக்கும் காடாத்துக்குப் புறப்படும்போது, அம்மா வாசல் படலையில் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அந்த இரும்பு சாம்பலுக்கை கிடக்கும். எலும்போடை போடச் சொல்லுவினம். போடாதை. உன்ரை ஐயாவைத் திண்டது அதுதான்."

சுடலையில் பெரியப்பா நேர்மாறு. "உடம்பிலை இருந்ததெல்லாம் உடம்புதான். மண்முட்டிக்குள்ளை போடடா."

"எலும்புக்கு ஐயரிட்டை மந்திரம் இருக்கு பெரியப்பா. உதுக்கு எந்த மந்திரம்?"

"முதல்லை உன்ரை வாய்க்கு ஒரு இரும்பு வைக்கவேணும்."

கடைசியில் சமாதானம் நான்தான் செய்தேன். கீரிமலையில் எலும்பு முட்டியோடு கடலுக்குப் போனது. இரும்பைத் தனியே தூர எறிவதாகச் சொல்லி, பாறைப் பக்கம் போய்த் திரும்பினேன்.

"எறிஞ்சிட்டியே?" என்றார் பெரியப்பா.

"ஓம். இந்தியாக் கரையிலை ஆருக்கும் படாட்டில் சரி."

அம்மாவிடமும் அதையே சொன்னேன். அன்றுதான் அவர் ஒரு கோப்பை சோறு ஒழுங்காகச் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்துப் பெடியங்களுக்கு நான் இப்போது வீரன். எறிந்த தூரம் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டு போகிறது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை, ஐயா. உங்களைத் தின்றது அந்த இரும்பு என்றால், என்னோடு தேருக்கு நடந்து வந்ததும் அதுதானே?

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் எறியவில்லை. கையை ஓங்கினேன். சாம்பலின் சூடு அதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. உங்கள் கையைப் பிடித்ததுபோல இருந்தது. விரல் விரியவில்லை. இப்போது என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முன் அதை அம்மாவின் கையில் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுவேன். அவர் மறுபடி சோற்றைத் தள்ளிவைத்தால், பக்கத்தில் இருந்து நானே உருட்டித் தீத்திவிடுவேன்.

உங்கள் குழப்படிக்கார மூத்த மகன்